இருமல் இல்லை என்று சொன்ன தெரு

எங்கள் தெருவின் மரத்தூளை இந்த மண்டபத்தில் கொண்டுவந்து உதறிவிடுவேனோ என்ற கவலையைச் சிறிதும் முகத்தில் காட்டாமல், புன்னகை பூத்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே! கற்பதையும் கற்பிப்பதையும் காலமெல்லாம் கடமையாய்க் கொண்ட பேராசிரியப் பெருமக்களே! நகராட்சியின் நலவாழ்வு அலுவலர் அவர்களே! பட்டறை உரிமையாளர்களே! ஆம், உங்களையும் வணங்கித்தான் தொடங்குகிறேன், பயப்படாதீர்கள். எனக்கு முன்பே உளி பிடித்த மூத்தோரே! உப்புத்தாளில் மரம் தேய்த்துத் தேய்த்துத் தம் கைரேகையையும் தேய்த்துவிட்ட தாய்மார்களே! கடைசி வரிசையில் போய் ஒதுங்கியிருக்கும் என் தெருச் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும் ஒரு தச்சனின் தாழ்மையான வணக்கம்.

ஏன் ஐயா அங்கே போய் உட்கார்ந்தீர்கள்? முன்வரிசையில் பத்து நாற்காலி சும்மா கிடக்கிறதே! என்ன? ‘விருந்தினர்’ என்று தாள் ஒட்டியிருக்கிறதா? அட, அந்த நாற்காலியைச் செய்தது யார்? நம் தெரு! இழைத்தது யார்? நம் தெரு! பாலிஷ் போட்டது யார்? நம் தெரு! செய்தவன் நிற்க, செய்யச் சொன்னவன் உட்காரும் காலம் இருக்கட்டும். இன்றைக்கு ஒருநாள் வாருங்கள், வந்து உட்காருங்கள். தாளைக் கிழிக்க வேண்டாம், மெதுவாக உரித்து வைத்துவிட்டு உட்காருங்கள். நன்றி.

‘பல்கலைக்கழகமும் பொதுமக்களும் கைகோத்தால் பாருக்கே மாற்றம்’ என்ற தலைப்பில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழகான தலைப்பு. தெருவின் மூச்சு நலத்தை இனிச் சேர்ந்தே ஆராய, எங்கள் தெருவுக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இன்று ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது. தெருவின் தொழிலாளர் சங்கச் செயலாளன் என்ற முறையில் நான் இருதரப்பையும் பாராட்டி, பூச்செண்டு பெற்று, இறங்கிப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஆனால் அன்பர்களே, நான் பாராட்ட வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். அந்தக் குற்றம் நான் செய்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆய்வு மாணவி எங்கள் தெருவுக்கு வந்தார். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். நீலநிறக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடியே நடப்பார். அதனால் எங்கள் தெரு அவருக்கு ‘ஃபைல் பொண்ணு’ என்று பெயர் வைத்தது. பதினொரு பட்டறைகள் உள்ள தெரு அது. காலை எட்டு மணிக்கு அறுவை இயந்திரம் ஓடத் தொடங்கினால், பத்து மணிக்குள் எதிர்வீட்டு ஜன்னல் கம்பி கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் மரத்தூள், மறுபக்கம் ஸ்ப்ரே அடிக்கிற வார்னிஷ் வாடை. மரத்தூளும் வார்னிஷும் மனிதனின் மூச்சை என்ன செய்கின்றன என்று அறிய வந்தவர் அவர். நல்ல நோக்கம். நேர்மையான பெண். குறையெல்லாம் எங்களிடம்தான்.

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் கோப்போடு யார் வந்தாலும் ஒரே பதில்: ‘எல்லாம் நல்லா இருக்குங்க.’ ஏன் தெரியுமா? கோப்போடு வந்தவர்கள் எங்களுக்கு எதைக் கொடுத்தார்கள்? இடிப்பதற்கு அளந்தார்கள். மூடுவதற்கு எழுதினார்கள். வெட்டுவதற்குக் குறித்தார்கள். கொடுப்பதற்கு வந்த கோப்பை நாங்கள் கண்டதே இல்லை. ஆகவே அந்தப் பெண் வருகிறார் என்று தெரிந்ததும் சங்க அறையில் கூட்டம் போட்டேன். போட்டு, மேசையைத் தட்டி, நான் சொன்ன சொல் இன்னும் என் காதில் கேட்கிறது: “யாருக்கும் இருமல் இல்லை. யாருக்கும் இளைப்பு இல்லை. இருமல்னு ஒருத்தன் வாயைத் திறந்தான்னா நாளைக்குப் பட்டறைக்குச் சீல் வைப்பான். அப்புறம் அத்தனை பேரும் வீட்ல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். புரிஞ்சுதா?”

புரிந்தது. தெருவின் தொழிலாளர் நூற்று எண்பத்தெட்டுப் பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

என் தங்கை வீட்டுக்காரர் ஸ்ப்ரே அடிக்கிறவர். பதினேழு ஆண்டுகளாக அலமாரிக்கும் கட்டிலுக்கும் மினுமினுப்புக் கொடுக்கிறவர். ஃபைல் பொண்ணு அவர் எதிரில் உட்கார்ந்து, “உங்களுக்கு இருமல் இருக்கா அண்ணா?” என்று கேட்கிறார். கேட்ட அந்த நொடியில் என் மச்சானுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விட்டால்தானே! கண்ணில் நீர் வழிய, முகம் சிவக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார். பக்கத்தில் நின்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கிறேன். இருமி முடித்த மச்சான் மூச்சு வாங்கியபடி என்ன சொன்னார் தெரியுமா? “இருமலா? எனக்கா? இல்லம்மா, புரை ஏறிடுச்சு.” அந்தப் பெண் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு நாங்களும் சிரித்தோம். படித்த பெண்ணுக்கே காது குத்திவிட்டோம் என்று சங்க அறையில் தேநீர் குடித்துக்கொண்டு கொண்டாடினோம்.

ஓராண்டு கழித்து ஆய்வு நூலாக வந்தது. வழவழப்பான தாள், வண்ணப்படம், எங்கள் தெருவே அட்டையில். அந்தப் பெண் நன்றி மறவாமல் சங்கத்துக்கு ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கினோம். அட்டையைப் பார்த்தோம். ‘அதோ என் வீட்டு வாசல்’ என்றோம். அலமாரியில் வைத்தோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது எங்களில் யாராலும் படிக்க முடியாத மொழியில் இருந்தது. எங்களைப் பற்றிய நூலில் எங்களுக்குப் புரிந்தது அட்டைப்படம் மட்டும்தான்.

படித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். நகராட்சியில் படித்தார்கள். எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன மருத்துவ நிலையம் உண்டு. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், குழாயில் ஊதிப் பார்க்கிற ஒரு கருவி. வாரத்தில் இரண்டு நாள் திறந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை அதன் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘இப்பகுதியில் மூச்சுக் கோளாறு இல்லை என்று பல்கலைக்கழக ஆய்வு காட்டுவதால், இந்நிலையம் மூன்று மாதத்தில் மூடப்படும்.’

அலுவலர் அவர்களே, நீங்கள் தலைகுனிய வேண்டாம். உங்கள் மீது தவறில்லை. உங்களிடம் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது. நிலையத்தின் பதிவேட்டைப் பார்த்திருக்கலாமே என்று யாரோ அங்கே கேட்கிறார். பார்த்தார்கள் ஐயா, பார்த்தார்கள். அதிலும் எங்கள் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை. ஏனென்றால் எங்கள் ஆட்கள் பின்வாசல் வழியாகப் போய், வேறு தெரு முகவரியைக் கொடுத்து மருந்து வாங்கினார்கள். முதலாளிக்குத் தெரியக் கூடாதாம். செயலாளருக்குத் தெரியக் கூடாதாம். என் மச்சான் ஒவ்வொரு செவ்வாயும் போயிருக்கிறார். ‘என்ன வேலை செய்றீங்க?’ என்று டாக்டர் கேட்டதற்கு, ‘புத்தகக் கடையில கணக்கு எழுதுறேன்’ என்று சொல்லியிருக்கிறார். புத்தகக் கடைக்காரனுக்கு என்ன மருந்தோ அதைத்தான் டாக்டர் கொடுத்தார். ஸ்ப்ரே அடிக்கிறவனுக்கு வேண்டிய மருத்துவம் வேறு. அதை அவர் எப்படிக் கொடுப்பார்?

அறிவிப்பு ஒட்டிய அன்று என் தங்கை என் பட்டறைக்கு வந்தாள். பாலிஷ் போடுகிற கை, விரலெல்லாம் பழுப்பு. நான் இழைத்துக்கொண்டிருந்த பலகையின் மீது அந்தக் கையை வைத்தாள். இழைப்புளி நின்றது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

“நீதானே சொல்லச் சொன்ன?”

“தெரு நல்லதுக்குத்தான்மா...”

“தெருவுக்கு மூச்சு இருக்கா? என் வீட்டுக்காரருக்குத்தான் மூச்சு இருக்கு. அதுவும் பாதிதான் இருக்கு. அந்தப் பாதிக்கும் செவ்வாய்க்கிழமை ஒண்ணுதான் வழி. அதையும் அடைச்சுட்டே. சங்கம் சங்கம்னு கத்துனியே, அவரு வாயால ‘இல்லை’ன்னு சொல்ல வெச்ச பாரு, அதை எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன். இனிமே என்கிட்ட பேசாதே.”

பேசவில்லை. இன்றோடு பதினான்கு மாதம். எதிரெதிர் வீடு எங்களுக்கு. ஒரே வயிற்றில் பிறந்தவள், நான் வாசலில் நின்றால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இந்த வயதில் இப்படி ஒரு தண்டனையா என்று சில நாள் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மறுநாளே இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். வாசலில், “யாரைப் பார்க்கணும்?” என்றார்கள். “ஃபைல் பொண்ணை” என்றேன். விரட்டாமல் விட்டதே பெரிது. ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை, தரையெல்லாம் தாள் கட்டு. ஒன்பது நாளில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. முகமெல்லாம் மகிழ்ச்சியாக, “வாங்க சார், வாழ்த்துச் சொல்ல வந்தீங்களா?” என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல! உள்ளதைச் சொன்னேன். கூட்டம் போட்டதைச் சொன்னேன். மேசையைத் தட்டியதைச் சொன்னேன்.

அந்தப் பெண் கையிலிருந்த தாளைத் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்: “ஏன் சார் பொய் சொன்னீங்க?”

எனக்கும் வாய் சும்மா இருக்குமா? “நீங்க ஏன்மா நம்புனீங்க? அத்தனை தூசியில நீங்களே ரெண்டு நாள் இருமுனீங்களே! இத்தனை பேருல ஒருத்தனுக்குக்கூட இருமல் இல்லைன்னா ஒரு சந்தேகம் வர வேண்டாமா?”

“என் நாலு வருஷம் சார்! நாலு வருஷம்!” என்று சொல்லிவிட்டு, “தயவுசெஞ்சு போயிடுங்க” என்றார். அழுதார். நானும் வந்துவிட்டேன்.

அன்பர்களே, அவர் நினைத்திருந்தால் அதோடு விட்டிருக்கலாம். பழைய ஆய்வு பழைய ஆய்வாக இருக்கட்டும், பட்டம் வாங்கிய பிறகு புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்று அறிவுரை சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் காலை அந்தப் பெண் எங்கள் தெருவில் வந்து இறங்கினார். கையில் கோப்பு இல்லை. வாய்மொழித் தேர்வைத் தாமே தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். நேரே என் தங்கை வீட்டுக்குப் போனார். “அக்கா, நான் எழுதினது தப்பு. எப்படிக் கேட்டா நிஜம் வரும்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க” என்றார். வாசலுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன்.

ஒரு பல்கலைக்கழகம் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எங்கள் தெருவில் சொன்னது அதுதான் முதல் முறை. எத்தனை பட்டம்! எத்தனை பதவி! எத்தனை பாடநூல்! அத்தனையும் சாதிக்காததை அந்த ஒரு சொல் சாதித்தது. என் தங்கை கதவை அகலத் திறந்தாள்.

“இருமல் இருக்கான்னு கேட்டா எந்த ஆம்பளையும் சொல்ல மாட்டான்மா. படிக்கட்டுல எத்தனை தடவை டேப் எடுத்தேன்னு கேளு. கடகடன்னு சொல்லுவான்.”

படித்தவர்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். ஓர் அலமாரியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போகிறோம். மூச்சு முட்டுகிறது. ‘முடியவில்லை, இறக்கி வை’ என்று எவனாவது சொல்வானா? மானம் போய்விடாதா? அதனால் படிக்கட்டு திரும்புகிற இடத்தில், “இரு இரு, அளவு பாத்துக்கலாம், திரும்புமான்னு தெரியல” என்று அலமாரியை இறக்கி வைத்து, இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து, சுவரை அளப்பான். சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது? நேற்று அளந்த அதே சுவர்! அவன் அளக்கிற நேரத்தில் நாலு பேரும் மூச்சு வாங்கிக்கொள்வோம். எல்லோருக்கும் தெரியும். எவனும் சொல்ல மாட்டான். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் டேப்பே எடுக்காமல் மூன்று மாடி ஏறியவன், இப்போது மாடிக்கு இரண்டு முறை எடுக்கிறான். எங்கள் இளைப்பின் கணக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அது எங்கள் இடுப்பில் செருகியிருந்தது.

ஃபைல் பொண்ணு நாற்பது நாள் எங்களோடு படியேறினார். ஒரு கட்டில் காலைத் தாமும் தூக்கினார் என்று கேள்வி. டேப்பைப் பற்றிக் கேட்டதும் ஒவ்வொருவனும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த பிறகு உண்மையைச் சொன்னான். “மூணு தடவைம்மா.” “எனக்கு அஞ்சு.” “நான் இப்பல்லாம் தூக்கவே போறதில்ல.” சொன்னவர்களை மருத்துவ நிலையத்தின் முன்வாசல் வழியாக அழைத்துப் போய், குழாயில் ஊத வைத்தார். டேப் எத்தனை முறை வெளியே வந்ததோ, அதற்கேற்ப நுரையீரல் நலிந்திருந்தது என்று கருவி காட்டியது. இதில் ஒரு வேடிக்கை: என் தங்கைக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், நான் எதிரிலேயே நின்றாலும், “அவர்கிட்ட சொல்லும்மா, நாளைக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லு” என்று அந்தப் பெண்ணிடம்தான் சொல்வாள். ஒரு முனைவர் பட்ட மாணவி எங்கள் குடும்பத்துக்குத் தூது போய்க்கொண்டிருந்தார்.

புதிய ஆய்வு நகராட்சியின் குறைகேட்புக் கூட்டத்துக்குப் போனது. அலுவலர் நியாயமாகத்தான் கேட்டார்: “அதே ஆளு, அதே தெரு, ரெண்டு பதில். இதுல எதை நான் நம்புறது?” நான் எழுந்தேன். இரண்டு பக்கத்துக்கு உரை எழுதி வைத்திருந்தேன். அவர் கையமர்த்தினார். “நீங்க உக்காருங்க. முதல் தடவை பொய் சொன்னவங்க யாரோ, அவங்க எழுந்து சொல்லட்டும்.”

அவைக்குள் பட்டறை உரிமையாளர்கள் பதினொருவரும் இருந்தார்கள். எழுந்தால் வேலை போகும். எழாவிட்டால் மருத்துவ நிலையம் போகும். எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு நாற்காலி நகர்ந்தது. என் மச்சான் எழுந்தார்.

“நான்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புரை ஏறிடுச்சுன்னு சொன்னேன். பொய். இருமல்தான். பதினேழு வருஷமா ஸ்ப்ரே அடிக்கிறேன். டாக்டரம்மா கிட்ட புத்தகக் கடைன்னு சொன்னேன். அதுவும் பொய். இப்ப இங்க நிக்கிறதுக்கே எனக்கு...” முடிக்க முடியவில்லை அவரால். இருமினார். அந்த முறை யாரும் முறைக்கவில்லை. அடுத்து ஒருவர் எழுந்தார். அடுத்து ஒரு தாய் எழுந்தார். “நானும் பொய்தான் சொன்னேன்.” “நானும்.” “நானும்.” அறுபத்து மூன்று பேர்! எல்லோருக்கும் பின்னால் அந்த மாணவி எழுந்து, “என் முதல் ஆய்வைத் திரும்பப் பெறுகிறேன். அது தவறு. தவறை எழுதியது நான்” என்றார்.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தகும். மருத்துவ நிலையம் மூடப்படவில்லை; இன்று வாரத்தில் நான்கு நாள் திறந்திருக்கிறது. தூசி உறிஞ்சும் கருவி இரண்டு பட்டறைகளில் வந்துவிட்டது. ஆனால் கைதட்டல் அடங்கிய பிறகு மீதியையும் கேளுங்கள். எழுந்து நின்றவர்களில் ஆறு பேரை அடுத்த வாரமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான்கு பேரைத் திரும்ப எடுத்தார்கள். இரண்டு பேரை இன்னும் எடுக்கவில்லை. உரிமையாளர்களே, மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விழுங்க என்னால் முடியாது. ஒன்பது பட்டறைகளில் கருவி இன்னும் வரவில்லை. அந்த மாணவிக்கு ஓராண்டு போயிற்று. என் மச்சானின் நுரையீரலைப் பார்த்த பெரிய டாக்டர், ‘இரண்டு வருஷம் முன்னாடி உண்மையைச் சொல்லியிருந்தா இவ்வளவு கெட்டிருக்காது’ என்றார். அந்த இரண்டு வருடத்தை அவரிடமிருந்து எடுத்தவன் நான். எந்த ஆய்வும் அதை அவருக்குத் திருப்பித் தராது.

கைகோப்பது, கைகோப்பது என்கிறோமே, எப்படிக் கோப்பது? கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர் என்று பிரிந்து நின்றால் அது கைகோப்பா? கேள்வியைச் சேர்ந்து செய்ய வேண்டும். பதிலைச் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். தவறினால் சேர்ந்து எழுந்து நிற்க வேண்டும். பல்கலைக்கழகம் தன் அறியாமையோடு எங்கள் வாசலுக்கு வரட்டும். நாங்கள் எங்கள் அச்சத்தை விட்டுவிட்டு உங்கள் வாசலுக்கு வருகிறோம். மாற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இரண்டு நடைக்கும் நடுவில்தான் நடக்கும்.

இப்போது ஒப்பந்தம். துணைவேந்தர் அவர்கள் எழுதுகோலை என் பக்கம் நீட்டுகிறார். ஐயா, மன்னியுங்கள். தெருவுக்காக ஒரு முறை நான் பேசினேன். நூற்று எண்பத்தெட்டு வாய்களுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தேன். அது என்ன செய்தது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கை தெருவுக்காகக் கையெழுத்துப் போடத் தகாது. சரியான கேள்வியைத் தந்தவள் போடட்டும். நேற்று மாலை சங்கத்தில் கேட்டேன், எல்லோரும் சரியென்றார்கள். அவளிடம் மட்டும்தான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

தங்கச்சி, ஒலிபெருக்கி வழியாகத்தான் உன்னிடம் பேச முடிகிறது. நான் செய்தது தப்பு. தெரு நல்லதுக்கு இல்லை. என் பயத்துக்குச் செய்தேன். நீ கோபமாகவே இரு. பேச வேண்டாம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போ.

எழுந்துவிட்டாள்... வழி விடுங்கள் ஐயா, நாற்காலியை நகர்த்துங்கள். மச்சான், நீங்கள் உட்காருங்கள், அவளே வருவாள். இதோ வந்துவிட்டாள். எழுதுகோலை அவளிடம் கொடுங்கள் ஐயா. என்னம்மா, ஏன் பார்த்துக்கொண்டே நிற்கிறாய்? கடைசிப் பக்கத்தில்தான் போட வேண்டும்... என்ன? சத்தமாகச் சொல்லும்மா, பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும். இதோ, ஒலிபெருக்கியைப் பிடிக்கிறேன்.

“அண்ணே, முதல்ல இதை எல்லாருக்கும் புரியற மாதிரி படிச்சுக் காட்டச் சொல்லு. அப்புறம் போடுறேன்.”

...கொஞ்சம் பொறுங்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பதினான்கு மாதம் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு.

துணைவேந்தர் அவர்களே, தங்கை சொல்லிவிட்டாள். ஒப்பந்தம் பதினான்கு பக்கம். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம். தப்பு இருந்தால் எழுந்து சொல்கிறோம். இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, ஒலிபெருக்கியை உங்களிடம் ஒப்படைத்து, என் இடத்தில் போய் உட்காருகிறேன். வணக்கம்.